கத்தி படாதவர்களின் கணக்கு எங்கே?

புற்றுநோய் ஆபரேஷனுக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று கேட்பவருக்கு, விவரம் தெரிந்தவர்களிடம் இன்று ஒரு பதில் தயாராக இருக்கிறது: எண்களை வெளியிடச் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் 30 நாளுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் சிக்கலோடு திரும்பி வந்தார்கள், ஆண்டுக்கு எத்தனை கணைய அறுவை நடக்கிறது என்பதையெல்லாம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பொதுவில் வைக்கிறார்களே, இங்கே மட்டும் ஏன் மூடி மறைக்க வேண்டும்? பட்டியல் வந்தால் மோசமான மருத்துவமனை வெட்கப்பட்டுத் திருந்தும், நோயாளி விழித்துக்கொள்வார், ஏழைக்கும் பணக்காரருக்கும் அளவுகோல் ஒன்றே என்பதால் ஏற்றத்தாழ்வும் தானாகக் குறையும் என்று வாதம் போகிறது.

எண் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அளவுகோல் ஒன்றே என்பதைத்தான் மறுக்கிறேன். அந்த அளவுகோல் அறுவை மேசையில் தொடங்கி, பெரும்பாலும் டிஸ்சார்ஜ் சீட்டில் முடிந்துவிடுகிறது. வறுமையும் சாதியும் நிறமும் தங்கள் வேலையைக் காட்டுவது மேசைக்கு வரும் வழியிலும், மேசையிலிருந்து இறங்கிய பிறகும். நடுவில் உள்ள சில மணி நேரத்தை மட்டும் அளந்துவிட்டு அதற்குத் தரம் என்று பெயர் வைத்தால், ஏற்றத்தாழ்வு குறையாது, கண்ணில் படாமல் போய்விடும்.

எண் கேட்பவர்கள் வெறுங்கையோடு பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2002இல் ஜான் பர்க்மேயரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். கணையத்தை அகற்றும் அறுவையை அரிதாகச் செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு 16.3%, அடிக்கடி செய்யும் இடங்களில் 3.8%. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை நோயாளியிடமிருந்து மறைப்பது பாவம்தான். ஆனால் நான்கே ஆண்டு கழித்து, 2006இல், கலிபோர்னியாவில் அந்த ‘அடிக்கடி செய்யும்’ மருத்துவமனைகளுக்குள் யார் போகிறார்கள் என்று பார்த்த ஆய்வு வந்தது. கறுப்பினத்தவரும், ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களும், காப்பீடே இல்லாதவர்களும் அங்கே குறைவாகவே போய்ச் சேர்ந்தார்கள். நல்ல இடம் எது என்று பட்டியல் சொல்லும். அங்கே போக வழிச்செலவு தராது.

சரி, மேசைக்கு வரும் வழியைப் பார்ப்போம். 1999இல் பீட்டர் பாக் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் நுரையீரல் புற்றுநோயாளிகள் 10,984 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். எல்லாரும் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், எல்லாரிடமும் மெடிகேர் காப்பீடு இருந்தது. எல்லாருக்கும் நோய் ஆரம்ப நிலையில், அறுத்து எடுத்தால் குணமாக வாய்ப்புள்ள நிலையில் கண்டறியப்பட்டது. வெள்ளையரில் 76.7% பேருக்கு அறுவை நடந்தது, கறுப்பினத்தவரில் 64.0% பேருக்குத்தான். ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் முறையே 34.1%, 26.4%. இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அறுவை நடந்தவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பிழைத்தார்கள்.

அறுவை முடிந்தவர்களை மட்டும் எண்ணும் தரப்பட்டியல் இந்த மருத்துவமனைகளுக்கு என்ன மதிப்பெண் தந்திருக்கும்? “இனப் பாகுபாடு இல்லை, முழு மதிப்பெண்.” பாகுபாடு முழுவதும் மேசைக்கு வராத அந்தக் கூட்டத்தில் இருந்தது. அவர்களை எண்ணும் பத்தியே பட்டியலில் கிடையாது.

ஒரு பேச்சுக்கு, ஒரே மாதிரியான இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் அறுத்து எடுக்கக்கூடிய இரைப்பைப் புற்றுநோயோடு 100 பேர். முதல் ஊர் மருத்துவமனை உடம்பில் தெம்புள்ள 60 பேரை மட்டும் எடுக்கிறது. ஒருவர் இறக்கிறார், மீதி 59 பேரில் பாதிப்பேர், அதாவது சுமார் 30 பேர், ஐந்தாண்டு கடக்கிறார்கள். இரண்டாவது ஊர் மருத்துவமனை அதே போன்ற 60 பேரை அதே திறமையோடு அறுக்கிறது. கூடவே ரத்தசோகை, சர்க்கரை, எடைக்குறைவு என்று இன்னும் 30 பேரையும் துணிந்து எடுக்கிறது. இவர்களில் மூன்று பேர் இறக்கிறார்கள், மிஞ்சிய 27 பேரில் மூன்றில் ஒருவர், அதாவது ஒன்பது பேர், ஐந்தாண்டு கடக்கிறார்கள். முதல் மருத்துவமனையின் இறப்பு விகிதம் 1.7%. இரண்டாவதற்கு 4.4%. பட்டியலில் முதலாவதற்கு நட்சத்திரம், இரண்டாவதற்குச் சிவப்புக் குறி. ஊரில் உயிரோடு இருப்பவர்களை எண்ணினால் அங்கே 30, இங்கே 39. இரைப்பைப் புற்றுநோயை அறுக்காமல் விட்டால் ஐந்தாண்டு கடப்பவர் அரிது என்பதால் விடுபட்டவர்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதை விளக்கிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் 100% தேர்ச்சி என்று பேனர் கட்டும் பள்ளிகளில் சில, ஒன்பதாம் வகுப்பிலேயே சுமாரான பிள்ளைகளின் கையில் டி.சி.யைக் கொடுத்து அனுப்புவதை நாம் பார்த்திருக்கிறோம்.

இது வெறும் கணக்கு, எந்த மருத்துவரும் அப்படிச் செய்ய மாட்டார் என்பவர்கள் நியூயார்க் கதையைப் படிக்க வேண்டும். அந்த மாநிலம் 1989 முதல் இதய பைபாஸ் அறுவையின் இறப்புக் கணக்கைத் திரட்டி, பின்னர் மருத்துவமனை வாரியாக வெளியிட்டது. ‘நியூஸ்டே’ நாளிதழ் வழக்குப் போட்டு, 1991இல் அறுவை நிபுணர் வாரியான எண்களையும் வெளியே கொண்டுவந்தது. மூன்று ஆண்டுகளில், நோயாளியின் நிலைமைக்கேற்பத் திருத்திய இறப்பு விகிதம் 4.17%இலிருந்து 2.45%ஆகக் குறைந்தது. பட்டியல்காரர்கள் இன்றுவரை தூக்கிக் காட்டும் வெற்றி இது. அவர்கள் காட்டாத பக்கத்தையும் பார்க்கலாம். இதே போல எண்களை வெளியிட்ட பென்சில்வேனியாவில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பு 1996இல் வெளிவந்தது. மிகவும் நலிந்த நோயாளிக்கு அறுவை நிபுணர் கிடைப்பது முன்பைவிடக் கடினமாகிவிட்டது என்று 59% இதய மருத்துவர்கள் சொன்னார்கள். அத்தகையவர்களை எடுக்கத் தங்களுக்குத் தயக்கம் கூடிவிட்டது என்று அறுவை நிபுணர்களில் 63% பேர் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். இரண்டு மாநிலங்களின் தரவையும் வைத்து டிரானோவ் முதலிய பொருளியலாளர்கள் 2003இல் எழுதிய ஆய்வு, அறுவை ஆரோக்கியமானவர்கள் பக்கம் சாய்ந்ததையும், நலிந்தவர்களின் கதி மோசமானதையும் காட்டியது. 2005இல் ரேச்சல் வெர்னரும் உடனாய்வாளர்களும் இன்னொன்றைக் காட்டினார்கள். நியூயார்க்கில் பட்டியல் வந்தபின், பைபாஸ் கிடைப்பதில் வெள்ளையருக்கும் கறுப்பின, ஹிஸ்பானிய நோயாளிகளுக்கும் இடையிலிருந்த இடைவெளி விரிந்தது. அது பழைய நிலைக்குத் திரும்ப ஒன்பது ஆண்டு ஆனது. எந்த மருத்துவரும் இனத்தைப் பார்த்து ஒதுக்கியிருக்க வேண்டும் என்பதில்லை. ‘இந்த ஆள் தேறுவாரா’ என்ற சந்தேகம் வரும்போது அது யார் மேல் முதலில் விழும் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

அது இதயம், இது புற்றுநோய் என்று பதில் வரும். வித்தியாசம் உண்மைதான். ஆனால் அது என் கட்சிக்குத்தான் சாதகம். புற்றுநோயில் ஒருவரை அறுவையிலிருந்து விலக்குவதற்கு மரியாதையான வழிகள் ஏராளம். “இப்போதைக்குக் கீமோ கொடுத்துப் பார்ப்போம்”, “கரண்ட் வைக்கலாம்”, “உடம்பு தேறட்டும்” — மூன்றுமே பல நேரங்களில் சரியான முடிவு. தவறான முடிவாக இருக்கும்போதும் அவை இதே சொற்களில்தான் வருகின்றன. எது எது என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று இங்கிலாந்தில் இருக்கிறது. அதைத் தாண்டிப் போவது நாணயமாகாது. அங்கே 2013 ஜூன் முதல், பெருங்குடல் புற்றுநோய் அறுவை நிபுணர்களின் 90 நாள் இறப்பு விகிதம் பெயரோடு வெளியாகத் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2018இல் வந்த ஆய்வு என்ன சொன்னது? நிபுணர்கள் பயந்து பின்வாங்கவில்லை. அறுவை பெற்றவர்களின் விகிதம் மாறவில்லை, அவர்களின் உடல்நிலையும் முன்போலவே இருந்தது. இறப்போ 2.8%இலிருந்து 2.1%ஆகக் குறைந்தது. பட்டியல் போட்டாலே மருத்துவர்கள் ஏழையைத் தள்ளிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால், இந்த ஆய்வு அவர் வாயை அடைத்துவிடும்.

என் வாயை அடைக்காது. அந்த எண் முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு மட்டுமானது. இங்கிலாந்தில் பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நோய் தெரியவருவதே அவசரச் சிகிச்சைப் பிரிவில்தான். குடல் அடைத்து, வயிறு வீங்கி, வலி தாங்காமல் ஓடிவருகிறார்கள். அந்த வாசல் வழியாக வருவோரில் வறிய பகுதிக்காரர்கள் அதிகம், அப்படி வருபவர் பிழைக்கும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஏழை வரும் வாசலை விட்டுவிட்டு மற்ற வாசலில் நின்று எண்ணிய எண் அது. தவிர, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அந்நாட்டு நோயாளிக்கு ஆபரேஷன் பில் வருவதில்லை. முதலில் பில்லை ஒழித்து, பல பத்தாண்டு கழித்துப் பட்டியலைப் போட்ட நாடு அது. பட்டியலை மட்டும் இறக்குமதி செய்ய நினைப்பவர்கள் அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

இன்னும் படித்தவர்கள் வேறொரு பரிகாரம் சொல்வார்கள். வயது, இதயம், சர்க்கரை ஆகியவற்றுக்கேற்ப எண்ணைத் திருத்துவதுபோல் நோயாளியின் வறுமைக்கேற்பவும் திருத்திவிட்டால், ஏழைகளை எடுக்கும் மருத்துவமனைக்கு அநியாயம் நடக்காது அல்லவா? அமெரிக்காவில் பல ஆண்டுகளாக இந்தச் சண்டை நடக்கிறது. மருத்துவமனையில் மீண்டும் சேர்வோர் கூடினால் விதிக்கும் அபராதத்தில், ஏழை நோயாளிகள் எத்தனை பேர் என்பதை வைத்து மருத்துவமனைகளைப் பிரித்து, நிகரானவற்றோடு மட்டும் ஒப்பிட வேண்டும் என்று 2016இல் சட்டமே வந்தது. அபராதம் விதிக்க அது நியாயமான வழி. தரத்தை அளக்க அது வழியாகாது. ஒரு மருத்துவமனையில் வசதியானவர்களில் 100க்கு 4 பேரும் ஏழைகளில் 8 பேரும் இறக்கிறார்கள் என்று வையுங்கள். வறுமைக்கேற்பத் திருத்தினால் ‘ஏழைகளில் 8 பேர் இறப்பது எதிர்பார்த்ததுதான்’ என்று எண் சொல்லும். யார் எதிர்பார்த்தது? புற்றுக்கட்டிக்கு ரேஷன் கார்டின் நிறம் தெரியாது. அந்த நான்கு உயிர்களின் வித்தியாசத்தைத் திருத்தத்துக்குள் கரைக்காமல், ஏழைக்கு ஒரு பத்தி, வசதியானவருக்கு ஒரு பத்தி என்று பக்கத்தில் பக்கத்தில் அச்சிட வேண்டும். எட்டு என்று எழுதிய மருத்துவமனைக்கு அபராதம் போடாமல் ஆளும் பணமும் அனுப்ப வேண்டும்.

இனி மேசையிலிருந்து இறங்கிய பிறகு. பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் சேர்த்துத் தைக்கிறார்கள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ தையல் இடத்தில் கசிவு வரலாம். உலகின் தலைசிறந்த கைகளிலும் இது நடக்கும். முதலில் நாடி கொஞ்சம் கூடும். லேசான காய்ச்சல், மூச்சில் ஒரு வேகம், ‘என்னமோ மாதிரி இருக்கு’ என்று நோயாளி சொல்வது — அவ்வளவுதான் அறிகுறி. இதை இரவு பதினோரு மணிக்கு யார் பார்க்கிறார்? வார்டு முழுவதுக்கும் இரண்டு செவிலியர் என்றால், பார்ப்பவர் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவி அல்லது அம்மாதான். அவர் போய் “சிஸ்டர், கொஞ்சம் வந்து பாருங்கம்மா” என்று கூப்பிட்டு, சிஸ்டர் வந்து, டியூட்டி டாக்டர் வந்து, ஸ்கேன் திறந்திருந்து, ரத்தம் கிடைத்து, ஐ.சி.யூ.வில் படுக்கை இருந்தால் உயிர் பிழைக்கும். இதில் எதுவும் அறுவை நிபுணரின் கைத்திறமை இல்லை.

அமீர் கஃபேரியும் குழுவினரும் 2009இல் அமெரிக்க மருத்துவமனைகளை ஒப்பிட்டார்கள். இறப்பு மிகக் குறைந்த இடங்களில் 24.6% பேருக்குச் சிக்கல் வந்தது, இறப்பு மிகக் கூடிய இடங்களில் 26.9% பேருக்கு. பெரிய வித்தியாசம் இல்லை. பெரிய சிக்கல் வந்தபின் இறந்தவர்கள் மட்டும் 12.5%, 21.4% என்று பிரிந்து நின்றார்கள். 2021இல் ‘லான்செட்’ இதழில் வந்த குளோபல்சர்ஜ் ஆய்வு 82 நாடுகள், 428 மருத்துவமனைகள், மார்பகம், பெருங்குடல், இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை பெற்ற 15,958 பேர் என்று விரிந்தது. வருமானம் குறைந்த நாடுகளில், பெரிய சிக்கல் வந்தபின் இறக்கும் வாய்ப்பு பணக்கார நாடுகளைப் போல ஆறு மடங்கு. கத்திக்கு அப்பால் உள்ள செவிலியர், ரத்தம், படுக்கை எல்லாம் காசு. அந்தக் காசு இல்லாததைத் ‘தரம் குறைந்த அறுவை நிபுணர்’ என்று பட்டியல் மொழிபெயர்த்துவிடுகிறது.

நம்மூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த விஷயத்தில் நம் எண்களை நான் அறவே நம்புவதில்லை. பிழைக்க மாட்டார் என்று தெரிந்தால், “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்ற சொல் வரும். வீட்டில் உயிர் போக வேண்டும் என்ற ஆசையும் குடும்பத்துக்கு இருக்கும், நாள்வாடகைக்கு மேல் கட்டப் பணமும் இருக்காது. ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜனோடு ஊருக்குப் போவார். கேஸ் ஷீட்டில் ‘உறவினர் விருப்பத்தின் பேரில் டிஸ்சார்ஜ்’ என்று எழுதப்படும். மருத்துவமனையின் இறப்புக் கணக்கில் அவர் இறக்கவே இல்லை. இந்த எண்ணை வைத்துத் தரவரிசை போட்டால், சாகப்போகிறவரைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும் இடம் முதலிடம் பிடிக்கும்.

எண்ண எளிதாக இருப்பதால் தரமாகிவிட்ட அளவுகளும் உண்டு. குடல் புற்றுநோயில், அறுத்தெடுத்த திசுவில் குறைந்தது 12 நிணநீர்க் கணுக்களைப் பரிசோதித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் புகழ்பெற்ற அளவு. நோய்க்குறியியல் மேசையில் ஒருவர் கொழுப்பை விரலால் நெருடி நெருடித் தேடி எடுக்கும் உருண்டைகள் அவை. 12ஐத் தாண்டும் மருத்துவமனைகளில் நோயாளிகள் கூடுதலாகப் பிழைக்கவில்லை என்று 2007லேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது.

பதிவேட்டில் என்னை அதிகம் உறுத்துவது வேறொரு கட்டம். அறுவை நடக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் குறிக்க அமெரிக்கப் பதிவேடுகளில் இடம் உண்டு. ‘பரிந்துரைத்தும் நோயாளி மறுத்தார்’ என்பது அங்குள்ள குறிகளில் ஒன்று. குறித்ததும் பொறுப்பு நோயாளி தலைக்குப் போய்விடுகிறது. நம் ஓ.பி.யில் அது “வீட்ல கலந்து பேசிட்டு வர்றோம் சார்” என்ற ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறது? கூட இருக்க ஆள் யார், அவருக்குக் கூலி போனால் அடுப்பு எப்படி எரியும், காப்பீட்டு அட்டையில் இன்னும் பேர் சேர்க்கவில்லையே, கத்தி பட்டால் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாரே. கேட்டுப் பதில் சொல்ல எதிரே உட்கார்ந்தவருக்கு நேரமில்லை, வெளியே 80ஆவது டோக்கன் காத்திருக்கிறது. இதை மறுப்பு என்று எழுதுவது அநியாயம்.

அநியாயத்தைச் சரிசெய்ய முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. சாமுவேல் சைகர்ட் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் அமெரிக்காவில் ஐந்து புற்றுநோய் மையங்களில், ஆரம்ப நிலை நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் ஒரு முறையைச் செய்துபார்த்தார்கள். வரவேண்டிய நாளில் நோயாளி வரவில்லை என்றால் கணினி உடனே எச்சரிக்கும். அதற்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர் போன் செய்து, என்ன தடை என்று கேட்டு நீக்குவார். சிகிச்சை முடித்தவர்களின் கணக்கை இனவாரியாகப் பிரித்து மருத்துவர்களிடமே காட்டுவார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, குணமாக்கும் சிகிச்சை கறுப்பினத்தவரில் 96.5% பேருக்கும் வெள்ளையரில் 95% பேருக்கும் கிடைத்தது. பாக் காட்டிய இடைவெளி மறைந்தது, வெள்ளையருக்கும் முன்பைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. யாருடைய கைத்திறமையும் மாறவில்லை. வராதவரை எண்ணினார்கள், எண்ணியதால் தேடிப்போனார்கள்.

இப்படி எண்ணுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்துகிறது. பின்னர் பதிவு மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. பதிவேட்டு ஊழியர்கள் மருத்துவமனைகளுக்கும் பரிசோதனைக் கூடங்களுக்கும் மட்டுமல்லாமல், மாநகராட்சி இறப்புப் பதிவுகளுக்கும் போகிறார்கள். தேவைப்பட்டால் வீடு தேடிப்போய், ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவருகிறார்கள். எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாமல் இறந்தவரும் அந்த ஏட்டில் வருவார். ஆம்புலன்ஸில் ஊருக்குப் போனவரும் வருவார். இன்னொரு பக்கம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த அறுவை, எந்த மருத்துவமனையில், எந்த நாளில் நடந்தது என்ற பதிவு அரசிடம் இருக்கிறது. இரண்டையும் பெயர் மறைத்து இணைத்தால், ஒரு மாவட்டத்தில் அறுக்கக்கூடிய நிலையில் கண்டறியப்பட்ட 100 பேரில் எத்தனை பேருக்கு அறுவை நடந்தது, கண்டறிந்த நாளிலிருந்து எத்தனை நாளில் நடந்தது, ஐந்தாண்டில் எத்தனை பேர் மிச்சம் என்று சொல்லிவிடலாம்.

ஆகவே தரவரிசை கேட்பவர்களே, கேளுங்கள். ஆனால் மருத்துவமனை எண்ணோடு மாவட்ட எண்ணையும், மொத்த எண்ணோடு ஏழையின் எண்ணைத் தனியாகவும், இறந்தவரோடு அறுவையே கிடைக்காதவரையும் சேர்த்துக் கேளுங்கள். இந்தப் பத்திகள் இல்லாமல் நாளை ஒரு பட்டியல் வெளியானால், அதில் முதலிடத்தில் இருக்கும் மருத்துவமனையிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: போன வருடம் நீங்கள் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள்?